எஸ்தர் அக்கா வீட்டுக் குழியில் கிடைத்த பல்

அன்புள்ள மகனுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், இன்று காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது உன் தகப்பனாரின் வலதுபக்கக் கீழ்வரிசைக் கடைசியில் ஓர் அறிவுப் பல் முளைத்திருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. மும்பைத் தாராவியின் சந்து பொந்தெல்லாம் தண்டோரா போடுவதாக உத்தேசம் இருந்தது. "வாய மூடுல, பேஸ்ட் ஒழுகுது" என்று அம்மா சொல்லிவிட்டதால் விழா ரத்து செய்யப்பட்டது. அறிவும் முளைத்துவிட்டதா என்று கேட்காதே. பல் மட்டும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. அறிவு பின்னால் ஸ்லோ லோக்கல் ரயிலில் வருகிறதாம், எல்லா ஸ்டேஷனிலும் நின்று நின்று.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்கு வயது பதினேழு. உன் அம்மா யார் என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது, பாவம், எங்கேயோ நிம்மதியாக இருக்கிறாள். பிறகு எதற்கு இந்த அவசரம் என்பாய். அப்பாக்கள் மகனுக்குக் கடிதம் எழுதுவது தலை நரைத்த பிறகு. அதற்குள் அவர்கள் செய்த தப்பெல்லாம் கதையாகிவிடும், கதையில் அவர்களே கதாநாயகனாகிவிடுவார்கள். உன் தாத்தா ஒரு மழைக்கால வெள்ளத்தில் தாராவியிலிருந்து சயன் ஸ்டேஷன்வரை நடந்து போன கதையை எடுத்துக்கொள். நான் சின்னப் பையனாக இருந்தபோது அந்தக் கதையில் தண்ணீர் முழங்கால் அளவு. நான் பத்தாவது வந்தபோது இடுப்பு அளவு. இப்போது தாடையைத் தொட்டுவிட்டது. நீ கேட்கும்போது தாத்தா அதில் மூழ்கியே போயிருப்பார். எனக்கும் அப்படி ஆகிவிடக்கூடாது. என் கதையில் தண்ணீர் முழங்காலில் நிற்கும்போதே எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். தமிழில் எழுதுகிறேன், பத்தாவதுவரை முனிசிபாலிட்டி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். என் கூட்டாளிகள் பாதிப் பேர் தமிழில் நன்றாகத் திட்டுவான்கள், வாசிக்கச் சொன்னால் மட்டும் கண் வலிக்கிறது என்பான்கள். உனக்கும் கண் வலித்தால் யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்.

முதலில் உன் அப்பன் யார் என்று தெரிந்துகொள். எங்கள் சந்தில் எனக்குப் பல்லவன் என்று பேர். காஞ்சிபுரத்துக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. பல்லைப் பார்த்து ஆளைச் சொல்வதால் பல்லவன். ஆள் என்றால் ஆடு, மாடு, நாய். எங்கள் பக்கத்து மண் சும்மா மண் இல்லையடா. ஒரு காலத்தில் சதுப்பாகக் கிடந்த இடம். தோல் பதனிடும் கொட்டகைகளின் கழிவு, உடைந்த பானை, இடித்த செங்கல் என்று கையில் கிடைத்ததையெல்லாம் கொட்டி மேடாக்கி, அதன்மேல் வீடு கட்டி, அந்த வீட்டின்மேல் இன்னொரு ரூம் கட்டி வாழ்கிறோம். கட்டர், அதாவது சாக்கடை, தோண்டினாலும் சரி, குழாய் பதிக்கத் தோண்டினாலும் சரி, எலும்பு வரும், கொம்பு வரும், குளம்பு வரும், பல் வரும். எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போவார்கள். நான் மட்டும் பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். உன் பாட்டி காலையில் என்னை எழுப்பிக் களைத்துப்போய்ப் பக்கத்து வீட்டுக்காரிகளிடம் சொல்வாள்: "எளும்புன்னா எளும்ப மாட்டான். எலும்புன்னு சொல்லிப் பாருங்க, எளும்பிருவான்."

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானாகப் படித்த படிப்பு இது. ஆட்டின் கடைவாய்ப் பல்லை மேலிருந்து பார்த்தால் பிறை பிறையாகக் கோடு ஓடும். மாட்டுக்கும் எருமைக்கும் அதே பிறைதான், ஆனால் பெரிசு. குதிரைப் பல் உயரமான சதுரக் கட்டை, உச்சியில் சுருக்கம் சுருக்கமாகக் கோலம் போட்டதுபோல இருக்கும். நாய்ப் பல் கத்தி. மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல்லே கிடையாது, ஆகையால் மாடு சிரித்தால் அது அரைச் சிரிப்பு. எலும்பில் ரம்பம் போட்டதுபோல நேர்க்கோடு இருந்தால் கறிக்கடையிலிருந்து வந்தது, ஓரம் குதறியிருந்தால் நாய் கடித்தது. எலும்பு ரொம்பப் பழசா என்று பார்க்க நாக்கில் வைத்துப் பார்ப்பார்கள், பழசானால் ஒட்டிக்கொள்ளும். இதை நான் சந்தில் நடுவே நின்று செய்து காட்டி, எதிர்வீட்டு டேனியலையும் செய்ய வைத்து, அவன் நாக்கில் எலும்பு தொங்கும்போது "இது கட்டர்ல கெடந்ததுல" என்று சொன்னேன். அவன் அம்மா எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிய தமிழை இங்கே எழுத முடியாது. ஆகவே முதல் அறிவுரை: மகனே, கண்ட எலும்பையும் நாக்கில் வைக்காதே. நீ வைத்தாலும் அடுத்தவனை வைக்கச் சொல்லாதே.

இனி எஸ்தர் அக்கா. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவர் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தகரம். நான் இந்தப் பக்கம் ஜோக் அடித்தால் அவள் அந்தப் பக்கம் சிரிப்பாள். எங்கள் வீட்டில் யாரும் சிரிக்காத ஜோக்குக்கும் தகரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வரும். ஒருவனுக்கு உலகத்தில் அவ்வளவு போதும். அவள் வீட்டுக்காரர் ஜெபராஜ் அண்ணன் தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்க்கிறார், அமைதியான மனிதர். அக்காவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வெறும் கையோடு வந்தாள். பேர் வைக்கவில்லை, அடக்கம் இல்லை, ஆள் கூடி அழவில்லை. அந்தப் பேச்சை எடுக்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எங்கள் சந்தில் ஒரு நினைப்பு. எல்லோரும் ரொம்ப மரியாதையாக நடந்துகொண்டார்கள். அவ்வளவு மரியாதையையும் அவள் ஒருத்தியாகச் சுமந்துகொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

போன கோடையில் அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள். பிள்ளை வந்தால் இடம் வேண்டுமே என்று மேலே ஒரு ரூம் எழுப்ப ஏற்பாடு செய்தார்கள். அதற்கு இரும்புத் தூண் நிறுத்த வேண்டும், தூணுக்கு வீட்டின் மூலையில் குழி தோண்ட வேண்டும். மிஸ்திரி தோண்ட ஆரம்பித்ததும் தகரம் தட்டப்பட்டது.

"ஏல பல்லவா, ஆபீஸ் தெறந்திருக்கா?"

"டோக்கன் எடுத்தாச்சாக்கா?"

"வாயில போடுவேன் டோக்கன. வந்து பாரு, குழிக்குள்ள ஒரு பண்ணையே கெடக்கு."

போனேன். ஜெபராஜ் அண்ணன், என் அம்மா, டேனியல், வாசலில் நாலைந்து தலைகள். மிஸ்திரி வடக்கத்திக்காரர், என் புகழ் அவர்வரை எட்டியிருந்தது. ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் கொடுத்தார். ஆட்டுக் கால் என்றேன். எருமைப் பல், தேய்ந்திருக்கிறது, கிழடு என்றேன். "கெழவியா கெழவனா?" என்றாள் அக்கா. "அதக் கேக்கதுக்கு அது உசிரோட இல்லக்கா" என்றேன். சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு. பிறகு மிஸ்திரி கறுத்த மண்ணோடு இரண்டு சின்னப் பல்லை எடுத்துக் கொடுத்து, "யே கிஸ்கா ஹை, டாக்டர்?" என்றார், இது யாருடையது டாக்டர் என்று.

மக்கில் தண்ணீர் எடுத்துக் கழுவி வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன். குட்டையாக, உருண்டையாக, உச்சியில் நாலு மேடு. பிறையும் இல்லை, கத்தியும் இல்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தேன். பிறகு சொன்னேன்:

"மனுசப் பல்லு. சின்னப் பிள்ளப் பல்லு."

மகனே, அது பன்றிக்குட்டியின் பல். பன்றியும் மனிதனும் கிடைத்ததையெல்லாம் தின்கிற சாதி. அதனால் இரண்டு பேருக்கும் கடைவாய்ப் பல் மேடு மேடாக ஒரே மாதிரி இருக்கும். விஷயம் தெரியாதவன் ஏமாந்துபோவான். எனக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னேன். முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு சொல்லிவிட்டு, எல்லோரும் வாயைப் பிளந்ததும் "ஏமாந்தீங்களா" என்று முடிப்பதாகத் திட்டம். ஆனால் முடிப்பதற்குள் மிஸ்திரி குழியிலிருந்து ஏறி மண்வெட்டியைச் சாத்திவிட்டு, கையைக் கழுவாமலேயே போய்விட்டார். டேனியலின் அம்மா, போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்றாள். ஜெபராஜ் அண்ணன் அன்றைக்குப் பேசிய ஒரே பேச்சு: "போலீஸ் வந்தா பல்லப் பாப்பானா, பர்மிஷன் இல்லாம மேல கட்டுத ரூமப் பாப்பானா?" அதோடு அந்த யோசனை அடங்கியது. எஸ்தர் அக்கா என் உள்ளங்கையிலிருந்து ஒரு பல்லை எடுத்தாள். பச்சைப் பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல எடுத்தாள். அந்த நேரத்தில் போய் ஏமாந்தீங்களா என்று எந்த வாயால் சொல்வது? இன்னொரு பல்லை என் சேகரிப்புக்கு என்று நான் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா அந்தப் பல்லைத் தன் கல்யாண மோதிரம் வந்த சின்ன டப்பாவில், ரோஸ் நிறத் தாள்மேல் வைத்து, ஜெபக்கூடத்துக்குப் பின்னால் நிற்கிற முருங்கை மரத்தடிக்குக் கொண்டுவந்தாள். பாஸ்டரைக் கூப்பிட்டிருந்தாள். நாங்கள் கொஞ்சம் பேர்தான். அது யார் பெற்ற பிள்ளையோ, அதற்கும் ஓர் அம்மா இருந்திருப்பாள், அவளும் அடக்கம் செய்ய முடியாமல்தானே விட்டுவிட்டுப் போயிருப்பாள் என்றாள். பாஸ்டர் ஜெபத்தை ஆரம்பிக்கப் போனார்.

"பேரு சொல்லணும் பாஸ்டர்."

"யாரு பிள்ளன்னே தெரியாதேம்மா. என்ன பேரு சொல்ல?"

"ஜாய்னு சொல்லுங்க. ஆணா பொண்ணான்னு தெரியாதுல்லா. ஜாய்னா ரெண்டுக்கும் ஆகும்." கொஞ்சம் நிறுத்தி, "ரொம்ப நாளா வச்சிருக்கேன் அந்தப் பேர" என்றாள்.

அது எந்தப் பிள்ளைக்காக வைத்திருந்த பேர் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாஸ்டர் அந்தப் பேரைச் சொல்லி ஜெபித்தார். நான் முன்வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். இது இரண்டாவது அறிவுரை அல்ல, வெறும் தகவல்: ஒரு ஜோக்கை நிறுத்த வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டால் அது உன்னை நிறுத்தாமல் கூட்டிக்கொண்டு போகும், பாஸ்ட் லோக்கல் மாதிரி.

மிஸ்திரி திரும்பி வரவில்லை. வேறு யாரும் அந்தக் குழியில் இறங்கச் சம்மதிக்கவில்லை. விஷயம் டோம்பிவிலியில் மூத்த மகனோடு இருக்கிற அக்காவின் மாமியாருக்கு எட்டியது. வந்து வாசற்படியில் நின்றபடியே, "பிள்ள செத்துக் கெடந்த தரையிலயா எம் பேரப்பிள்ளயச் சுமக்குத? ஏற்கனவே ஒண்ணத் தின்ன வீடு" என்று சொல்லி, அன்றைக்கே அக்காவை அழைத்துக்கொண்டு போய்விட்டார். பிரசவத்துக்கு எங்கள் சந்தைவிட்டு நகர மாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவள், பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போனாள். குழி அப்படியே கிடந்தது. மேலே கூரையைப் பிரித்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டினார்கள், முதல் மழையிலேயே அது தொந்தி போட்டு ஒழுகியது. ஜெபராஜ் அண்ணன் டோம்பிவிலிக்கும் தாராவிக்கும் ரயில் கூட்டத்தில் நசுங்கிப் போய்வந்தார். தகரத்தின் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. நான் ஜோக் அடித்துப் பார்த்தேன், தகரம் சிரிக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், குழாயடியில் கூட்டம் நிற்கும்போது, நான் ஒரு குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்று அறிவித்தேன்: "ஏமாந்தீங்களா! அது பன்னிப் பல்லு!"

முதலில் டேனியல் சிரித்தான், அவன் ஆரம்பித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். என் அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கன்னத்தில் ஒன்று விட்டார். அந்த அறைக்கே அறிவுப் பல் முளைத்திருக்க வேண்டும். திட்டியவர்கள் திட்டி முடித்ததும், "இருந்தாலும் பய மூஞ்சியப் பாத்தியா, ஒரு அசைவு இல்லல்லா" என்றார்கள். நான் விருது வாங்குகிறவன்போலத் தலையைக் குனிந்து ஏற்றுக்கொண்டேன். மிஸ்திரியைத் தேடிப்பிடித்து விஷயத்தைச் சொன்னதும், அவரும் என்னைக் கண்டபடி ஏசிவிட்டுக் குழியில் இறங்கினார். மேல் ரூம் எழும்பியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அதே குழாயடியில் இன்னொரு பேச்சும் கிளம்பியிருந்தது. "பன்னிக்குப் பேரு வச்சு அடக்கம் பண்ணிட்டாளே எஸ்தரு." அதற்கும் சிரித்தார்கள். ஜாய் என்ற பேரைச் சொல்லிச் சிரித்தார்கள். ஜெபராஜ் அண்ணன் குடத்தோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். குடம் நிரம்பி வழிந்ததை அவர் பார்க்கவில்லை, பின்னால் நின்றவள் சத்தம் போட்டபிறகுதான் எடுத்தார்.

அக்காவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். என் அம்மா பார்க்கப் போகும்போது என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். டோம்பிவிலியில் கதவைத் திறந்த மாமியார் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்து, "இவன்தானா அந்தப் பல்லு டாக்டரு?" என்றார். என் வாயில் பதில் ஒன்று ரெடியாக இருந்தது, அம்மா கிள்ளியதால் விழுங்கினேன். உள்ளே அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள், பிள்ளை பக்கத்தில் தூங்கியது. அம்மா சமையலறைக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு அக்கா கேட்டாள்.

"ஏம்ல அப்படிச் செஞ்ச?"

"சும்மா வெளாட்டுக்குக்கா."

"எங்கிட்டயால வெளாடுன?"

நான் பல்லைக் காட்டினேன். பதில் தெரியாதபோது காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் கிடையாது.

"மரத்துக்கிட்ட கண்ண மூடிக்கிட்டு நின்னியே. உள்ளுக்குள்ள சிரிச்சிக்கிட்டா நின்ன?"

இதற்கும் பல்லைக் காட்டியபடியே நின்றேன். அவள் பிள்ளையின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போகும்போது வருகிறேன் என்று சொன்னேன், அவள் திரும்பவில்லை. ரயிலில் அம்மா சயன் வரும்வரை என்னோடு பேசவில்லை. எவ்வளவு ஏசினாலும் தாங்கிவிடலாம் மகனே, அம்மா ஒரு ரயில் பயணம் முழுக்கப் பேசாமல் வந்தால் தாங்க முடியாது.

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். குறும்புக்காரன் ஒருவன் எல்லை மீறினான், வருந்தினான், சுபம். ஆனால் இதுவரை எழுதியதைத் திரும்ப வாசித்தபோது தண்ணீர் இப்போதே என் இடுப்புக்கு ஏறியிருக்கிறது. மேலே ஓரிடத்தில் "எனக்குத் தெரியும், தெரிந்துதான் சொன்னேன்" என்று எழுதியிருக்கிறேன் பார், அது பொய். எனக்குத் தெரியாது. பிறையும் இல்லை, கத்தியும் இல்லை என்றதும் நான் படித்த படிப்பு அத்தோடு தீர்ந்துவிட்டது. மனிதப் பல் என்றுதான் நெஞ்சார நம்பினேன். இன்னொரு பல்லைச் சேகரிப்புக்கு எடுத்துக்கொண்டேன் என்றதும் பொய். பையில் போட்ட பிறகு அதைத் தொடவே பயமாக இருந்தது. வீட்டுக்குள் கொண்டுபோகவும் பயம், கட்டரில் எறியவும் பயம், பிளாஸ்டிக் பையில் சுற்றி வாசலில் தண்ணீர் டிரம்முக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

குடத்தின்மேல் ஏறி நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, ஆராதனை முடிந்ததும் அப்பா பன்றிக்கறி வாங்க அனுப்பினார். கடையில் கட்டைமேல் ஒரு குட்டிப் பன்றியின் தலை, தாடை பிளந்து கிடந்தது. உள்ளே, பின்வரிசையில், உருண்டையாக, நாலு மேட்டோடு அதே பல். வீட்டுக்கு ஓடி டிரம்மை நகர்த்திப் பையை எடுத்துக்கொண்டு திரும்ப ஓடிவந்து, பல்லை அந்தத் தாடையருகில் வைத்துப் பார்த்தேன். இரட்டைப் பிள்ளைகள். "என்னல, பன்னிக்குப் பல்லு கட்டப் போறியா?" என்றார் கடைக்காரர். கறிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நன்றி என்பதற்குப் பதில் பன்றி என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தத் தூரம் நடந்து வருவதற்குள்தான் யோசித்தேன். தப்பாகச் சொல்லிவிட்டேன், எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் பல்லவன் செத்தான். வேண்டுமென்றே ஏமாற்றினேன் என்றால் பல்லவன் பிழைப்பான். பொல்லாதவன் என்று பேர் எடுக்கலாம், கல்லாதவன் என்று எடுக்கக் கூடாது. குடத்தைக் கவிழ்த்து ஏறி நின்றது அப்படித்தான். தெரியாமல் சொன்னேன் என்று சொல்லியிருந்தால் எஸ்தர் அக்கா என்னைக் கூறுகெட்டவன் என்று சொல்லியிருப்பாள், அத்தோடு முடிந்திருக்கும். என் பேரைக் காப்பாற்ற அவள் பிள்ளையின் பேரைக் குழாயடியில் போட்டேன்.

போன வாரம் அக்கா பிள்ளையோடு சந்துக்குத் திரும்பி வந்தாள். மேல் ரூமை அவள் இன்னும் பார்க்கவில்லை. அதற்கு ஏறுவது வெளியே சாத்திய இரும்பு ஏணியில்தான், எங்கள் சந்தில் எல்லா மாடிக்கும் அப்படித்தான், கையில் பிள்ளையோடு ஏற முடியாது. பட்டறையிலிருந்து அண்ணன் வரவில்லை, என் அம்மா கடைக்குப் போயிருந்தாள், வாசலில் நான் மட்டும் நின்றேன். அக்கா ஏணியைப் பார்த்தாள், சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தாள், கடைசியில் வேறு வழியில்லாமல் என்னைப் பார்த்தாள்.

"பிடி. கீழ போட்டுறாத."

பிள்ளையை வாங்கிக்கொண்டேன். அவள் பாதி ஏணி ஏறியதும் சொல்லிவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது, முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"எக்கா, அது வெளாட்டில்ல."

"எது?"

"பல்லு. நெசமாவே பிள்ளப் பல்லுன்னு நெனச்சுத்தான் சொன்னேன். எனக்குத் தெரியலக்கா."

அவள் ஏணியைப் பிடித்தபடி திரும்பினாள். "எனக்கு ஆறுதலா இருக்கட்டும்னு இப்பம் பொய் சொல்லுதியால?"

"இல்லக்கா. ஆடு மாடுன்னா தெரியும். மத்ததெல்லாம் நானா அடிச்சு விடுதது. கறிக்கடையில பன்னித் தலையப் பாத்தப்பொறம்தான் தெரிஞ்சது. தெரியலன்னு சொல்ல வெக்கமாயிருந்து, அதான் வெளாட்டுன்னு சொல்லிட்டேன்."

அவள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கீழே பிள்ளை என் சட்டைப் பொத்தானை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தது.

"அப்பம் மரத்துக்கிட்ட நின்னது?"

"நெசமாத்தான் நின்னேன். ஜாய்க்காகத்தான் நின்னேன்."

அந்தப் பேரைச் சிரிக்காமல் சொல்லி அவள் கேட்டு நாளாயிருக்கும். ஏணிக் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினாள்.

"அழுதியால?"

"கொஞ்சம்க்கா."

மேலே ஏறிப் போய்விட்டாள். ரூமுக்குள் அங்கும் இங்கும் நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு மேலேயிருந்து குரல் வந்தது: "ஏல, பிள்ள கழுத்தப் பிடி. தொங்குது பாரு."

பிடித்துக்கொண்டேன். ஆனால் அந்தக் கொஞ்சம் என்பதும் சரியில்லை மகனே. முருங்கை மரத்தடியில் பாஸ்டர் ஆமென் சொல்வதற்குள் எனக்கு மூக்கு ஒழுகி, சட்டையின் இரண்டு கையும் நனைந்து, தூசி விழுந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு ஒரு வாரம், ராத்திரி கக்கூசுக்குப் போகும்போதெல்லாம் டேனியலுக்கு வடாபாவ் வாங்கிக் கொடுத்துத் துணைக்கு வாசலில் நிறுத்தினேன். உள்ளே இருந்துகொண்டு, "ஏல, நிக்கியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.